நாய் பார்க்கும் முகம்

அவன் மனுசனே இல்லைங்க. எந்த ஊர்க்காரனா வேணா இருக்கட்டும், எவ்வளவு பெரிய ஆளா வேணா இருக்கட்டும். அந்தக் கல்லோட மேல்பாதியைத் தன் இடத்துல வச்சுக்கிட்டு, ஒரு மனுசன் அதைத் தேடித் தேடிச் சாகிற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தான் பாருங்க, அவனுக்கு நல்ல சாவு வராது. திம்மராயன் சாரைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளின்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். நான் ஒத்துக்க மாட்டேன். அவன்தான் கொண்டுபோனான்.

உக்காருங்க சார். அங்க வேணாம், ஆணி கெடக்கும். இப்படி, தராசு மேடை ஓரமா உக்காருங்க. பெரிய தராசுக்கு அடியில போட்டிருக்கேனே, அந்தக் கல்லு மேல. பயப்படாதீங்க, ஆடாது. சித்திரை வெயில்லயும் சில்லுன்னு இருக்கும். சாரும் வந்தா அங்கதான் உக்காருவார். அவர் இடம் அது.

அவருக்கு நினைவு மலர் போடறீங்களாமே, மியூசியத்துல சொன்னாங்க. போடுங்க. போட வேண்டியதுதான். ஆனா அங்க கேட்டா என்ன சொல்லுவாங்க, தெரியும். அறிஞர், ஆய்வாளர், தன்னலமற்றவர். மைக்குல பேசற பேச்சு. நான் மூணாங்கிளாஸ்ல பள்ளிக்கூடத்தை விட்டவன். சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு தெருத்தெருவாக் கத்தினவன். பூங்காவனம்னு பேரு வச்சாங்க எங்கம்மா, பேருக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லம்பாங்க. கோவக்காரன்தான். இல்லேங்கல. ஆனா அந்த மனுசனைப் பத்தி என்னை விட்டா யார் சார் சொல்றது?

மியூசியத்துல அந்தக் கல்லைப் பாத்தீங்களா? உள்ள நுழைஞ்சதும் சோத்தாங்கைப் பக்கம். இடுப்புக்குக் கீழ ரெண்டு காலு. பக்கத்துல ஒரு நாய். அவ்வளவுதான். அந்தக் காலத்துல ஊர் மாட்டையெல்லாம் எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். இவன் ஒத்தை ஆளா மறிச்சு நின்னு செத்திருக்கான். ஊர் சனங்க அவனுக்கு ஒரு கல்லு நட்டாங்க. கூடவே நின்ன நாயையும் செதுக்கினாங்க. பேரும் முகமும் மேல்பாதியில. அந்த மேல்பாதிதான் இல்ல. நாய் தலையைத் தூக்கி எஜமான் முகத்தைப் பாக்குது. பாத்தா அங்க முகம் இல்ல. செவுருதான் இருக்கு.

சின்ன வயசுல சார் தாலுக்காபீஸ்ல குமாஸ்தா. சைக்கிள்ல ஊர் ஊராப் போவாராம். ஊத்துப்பள்ளத்து ஏரிக்கரையில பொம்பளைங்க துணி துவைச்சுக்கிட்டிருந்த கல்லு ஒண்ணை இவருக்கு என்னமோ தோணிப் புரட்டச் சொல்லியிருக்கார். புரட்டினா இந்த நாய். அன்னைக்குப் புடிச்சது சார் அந்தப் பைத்தியம். வேலை மேல போற வழியில அதைப் பாத்தவர், அப்புறம் அதைப் பாக்கறதையே வேலையாக்கிக்கிட்டார். மாட்டுவண்டியில ஏத்திக் கொண்டாந்தார். அப்ப மியூசியம் ஏது? பள்ளிக்கூடத்துல ஒரு இடிஞ்ச ரூமு. அதுல வச்சார். பின்னால மியூசியம்னு ஒண்ணு வந்துச்சு, இவரையே அதுக்கு ஆராய்ச்சியாளர்னு போட்டாங்க. ரிட்டயர் ஆன பிறகும் தினம் போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டதே அவர்தான்.

அவர் எனக்கு எப்படிப் பழக்கம் ஆனார்னு சொல்றேன். ஊத்துப்பள்ளத்து ஏரிக்குப் புது ஷட்டர் போட்டாங்க. பழைய மதகைப் பிரிச்சாங்க. கல்லு அம்புட்டும் ஏலம். எனக்கு அதுவரைக்கும் சொந்தமா ஒரு குடோன் கூடக் கெடையாது. பொண்டாட்டி தாலிக்கொடியை வச்சு அந்த ஏலத்தை எடுத்தேன். லாரியில ஏத்திக்கிட்டு வந்துட்டேன். பத்து நாள் கழிச்சு ஒரு காலையில, மேல்பாதி அந்த மதகுலதான் இருக்கும்னு திம்மராயன் சார் அங்க போய் நின்னிருக்கார். கல்லு இல்ல. விசாரிச்சுக்கிட்டு நேரா இங்க வந்தார். வேர்த்து விறுவிறுத்து, சைக்கிளைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தார்.

"ஐயா, அந்த மதகுக் கல்லெல்லாம் எங்க?" ன்னார்.

"வித்தாச்சு."

"யாருக்கு?"

எங்க தொழில்ல ஒரு கட்டு இருக்கு சார். வாங்கின இடத்தையும் சொல்லக்கூடாது, வித்த இடத்தையும் சொல்லக்கூடாது. சொன்னா அடுத்தவன் போய் நிப்பான். அதனால சொல்லல. அஸ்திவாரத்துக்குப் போனது, படிக்கட்டுக்குப் போனது, மாட்டுக்கொட்டாய்க்குப் போனது, எல்லாம் போயிருச்சு, ஒண்ணும் மிச்சம் இல்லன்னுட்டேன். உண்மையும் அதுதான். இந்தத் தராசுக் கல்லு ஒண்ணைத் தவிர.

அவர் அப்ப இந்தக் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னார் பாருங்க. இழவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி. நான் என்ன பண்ண முடியும்? தொழில்ல முந்தினவனுக்குத்தான். ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். இந்தக் கல்லு மேல உக்காந்துதான் குடிச்சார்.

அதுலேருந்து ஆரம்பிச்சதுதான் அவரோட பிச்சை. பிச்சைன்னுதான் சொல்லுவேன். வீடு வீடாப் போறது, "அம்மா, உங்க வாசப்படிக் கல்லைக் கொஞ்சம் புரட்டிப் பாக்கலாமா?" ங்கறது. நம்ம பக்கத்துல உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சிலை கிலை இருக்கிற கல்லுன்னா அதை எவனும் முகம் மேல தெரியற மாதிரிப் போட மாட்டான். கால் படக்கூடாதில்ல? குப்புறப் போட்டுருவான். சாமிக்கு மரியாதையும் ஆச்சு, படிக்கட்டுக்குக் கல்லும் ஆச்சு. அதனால எந்த வீட்டுல எந்தச் சாமி குப்புறப் படுத்திருக்குதுன்னு பாத்தா யாருக்கும் தெரியாது. புரட்டினாத்தான் தெரியும். இவர் புரட்டச் சொல்லுவார்.

கல்லுப்புரட்டின்னே பேரு வச்சுட்டாங்க சனங்க. பொம்பளைங்க கிண்டலு தாங்காது. "சார், உள்ள ஆட்டாங்கல்லு இருக்கு, வந்ததுதான் வந்தீங்க, அப்படியே நாலு படி மாவையும் ஆட்டிக் குடுத்துட்டுப் போங்க." அவரும் சிரிப்பார். ஒரு தடவை நெசமாவே உக்காந்து ஆட்டியிருக்கார்னா பாத்துக்குங்க.

கவர்மெண்டு ஆளுதானே, தாசில்தார் கிட்ட ஒரு உத்தரவு வாங்கிட்டுப் போய்ப் புரட்டுனா எவன் தடுப்பான்? நானே கேட்டிருக்கேன். அதுக்கு அவர் ராசம்மாள் கதையைச் சொன்னார். ஊத்துப்பள்ளத்துல ராசம்மாள்னு ஒரு அம்மா. அவங்க வாசப்படிக் கல்லை இவர் இளந்தாரியா இருக்கச்சே உத்தரவோட போய்ப் பேத்தெடுத்துட்டார். நல்ல கல்லு, முழுக் கல்லு, இப்ப மியூசியத்துலதான் இருக்கு. அந்தம்மாவுக்கு அந்த வருசமே புருசன் போயிட்டான். படிக்கல்லை எடுத்ததாலதான்னு ஊரே சொல்லிருச்சு. அந்தம்மா இவரை ஒரு வார்த்தை திட்டல. வருசா வருசம் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கிட்டு மியூசியத்துக்கு வரும். கல்லுக்கு வச்சுட்டு, "எங்க வீட்டுல இருந்திருந்தா நான் தினம் வச்சிருப்பேனே சார்" னு மட்டும் சொல்லிட்டுப் போகும். அதுலேருந்து இவர் உத்தரவைக் கையில தொடறதில்ல. "வச்சிருக்கிறவங்க கையாலதான் புரளணும் பூங்காவனம். நான் கேக்கலாம். அவ்வளவுதான் எனக்கு உரிமை" ம்பார்.

என்ன மனுசன் சார். பொழைக்கத் தெரியாத மனுசன்.

என் கடைக்கு வாரத்துக்கு ஒரு தடவை வந்துருவார். பழைய பித்தளை, செம்பு எது வந்தாலும் உலைக்குப் போறதுக்கு முன்னால அவர் ஒரு தடவை பாக்கணும். எழுத்துப் போட்ட கோயில் மணி ஒண்ணு வந்துச்சு. சின்னப்புள்ளையை வாங்கற மாதிரி ரெண்டு கையில வாங்கிப் பாத்தார். "குடுத்துரு" ன்னார். நான் வியாபாரி சார். சும்மா குடுத்தா நாளைக்கு எல்லாரும் சும்மா கேப்பான். எடைக்கு எடை பித்தளை கொண்டு வாங்க, எடுத்துட்டுப் போங்கன்னேன். சாயங்காலம் சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு ஒரு அண்டா கொண்டாந்தார். அவர் சம்சாரத்தோட கல்யாணத்து அண்டா. பேரு வெட்டியிருந்துச்சு அதுல. இந்தத் தராசுலதான் வச்சோம். அண்டா கொஞ்சம் கூட நின்னுச்சு. கூட நின்ன எடைக்கு நான் ஒரு சொம்பு குடுத்தேன் சார்! என் கையில ஒரு குந்துமணி ஏமாத்து கெடையாது. அப்படிப் பண்ணவன் நான். அந்த மணி இன்னைக்கும் மியூசியத்துல தொங்குது. அண்டா அன்னைக்கே உலைக்குப் போயிருச்சு.

அந்தம்மா அப்புறம் என்னைப் பாத்தா பேசாது. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. நேர்மையாத்தானே நடந்துக்கிட்டேன்?

இப்ப இந்தக் கல்லுக்கு வர்றேன். இது ராசிக் கல்லு சார். அந்த ஏலத்து லோடுல வந்தது. வாங்கறப்ப ஒரு பக்கம் உடைஞ்சு மூளியா இருந்துச்சு. நான் வெளியூர் போயிருந்தப்ப மேஸ்திரி இதை எடுத்துப் போட்டு, மூளிப் பக்கம் சிமிட்டி பூசி, மேல தராசை நிறுத்திட்டான். வந்து பாத்தா கல்லு மேல கற்பூரம் எரிஞ்ச கறை. என்னடான்னேன். "நல்லதுக்குத்தான்ணா, விடுங்க" ன்னான். அவன் சொன்ன மாதிரியே அன்னைலேருந்து ஏறுமுகம். தாலிக்கொடி திரும்புச்சு. குடோன் ஆச்சு, லாரி ஆச்சு, பொண்ணு கல்யாணம் ஆச்சு. என் வீட்டுக்காரி காவேரி வெள்ளிக்கிழமையானா இதுக்கு ஒரு முழம் பூ வைப்பா.

திம்மராயன் சாருக்கும் இந்தக் கல்லு மேல ஒரு பிரியம். வந்ததும் தோள்ல இருக்கிற துண்டை எடுத்து, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் விரிப்பார். அப்படியே கொஞ்ச நேரம் நின்னு பாப்பார். அப்புறம்தான் உக்காருவார். சுத்தக்காரர், புழுதி தட்டுறார்னு நெனப்பேன். அந்தத் துண்டுல ஒரு முடிச்சு எப்பவும் இருக்கும். எதையாவது முடிஞ்சு வச்சு மறந்துட்டாரான்னு ஒரு தடவை கேட்டேன். "மறக்கல. மறக்கக் கூடாதுன்னுதான்" ன்னார். மியூசியத்துல அந்த நாய்க் கல்லு மேல துண்டை வச்சுப் போட்ட முடிச்சாம்.

"இதைப் புரட்டிப் பாக்கலாமா பூங்காவனம்?" னு அவரும் கேட்டிருக்கார். எத்தனையோ தடவை. அவர் எல்லார் வீட்டுலயும் கேக்கறதுதானே? பொழப்பே இந்தக் கல்லு மேல நிக்குது சார், ஆளை விடுங்கம்பேன். "சரி, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப" ம்பார். டீயைக் குடிச்சுட்டுப் போயிருவார்.

ஆனா ஒரு நாள் அவர் பண்ணது தப்பு சார். அதை நான் சொல்லித்தான் ஆகணும், நீங்க மலர்ல போடாட்டியும் பரவாயில்ல.

தராசுக்கு முத்திரை போடற ஆபீசருங்க வந்து போன சமயம் அது. பழைய இரும்புக்காரன்னாலே தராசுல கள்ளத்தனம் பண்ணுவான்னு ஊர்ல ஒரு பேச்சு. அடியில காந்தம் வைப்பான், கட்டை குடுப்பான்னு. அவங்க வந்து எல்லாத்தையும் நோண்டிட்டு, ஒண்ணும் கெடைக்காமப் போனாங்க. எனக்கு நெஞ்சு கொதிச்சுக்கிட்டிருக்கு. கடை நெறைய ஆளுங்க. அந்த நேரம் பாத்து சார் வர்றார், துண்டை விரிக்கறார், நிக்கறார். நின்னுட்டு, "பூங்காவனம், ஒரே ஒரு நாளைக்கு இந்தத் தராசை நகர்த்தி வைப்பியா?" ன்னார்.

ஆளுங்க முன்னால, சார்!

"நீங்களுமா?" ன்னேன். "ஊர்ல எவன் வேணா சொல்லட்டும். இந்தக் கல்லு மேல உக்காந்து என் டீயைக் குடிச்சுட்டு, நீங்களும் என் தராசுக்கு அடியில என்ன இருக்குதுன்னு பாக்கணுமா? எந்திரிங்க சார். எந்திரிச்சு வெளிய போங்க."

"அதுக்கில்லப்பா..." ன்னார். கத்தினேன். என்னென்ன சொன்னேனோ. துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். அதுக்கு அப்புறமும் வாராவாரம் வருவார். ஆனா உள்ள வர மாட்டார். கேட்டுக்கு வெளியவே நின்னு பழைய சாமானைப் பாத்துட்டு, கடைசியா இந்த மேடைப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுப் போவார். நானும் கூப்பிடல. வயசாயிருச்சு அவருக்கு, வெயில்ல நிக்கிறார்னு தெரியுது. டீ மட்டும் குடுத்தனுப்புவேன். வாங்கிக்குவார்.

காவேரி சொல்லுவா, "அந்த மனுசன் கேக்கறதைச் செஞ்சுதான் குடுங்களேன், ஒரு கல்லைப் புரட்டறதுல என்ன கொறைஞ்சிரும்?" னு. உனக்கு என்னடி தெரியும், மானம்னு ஒண்ணு இல்லையான்னு அவளையும் கத்துவேன்.

அப்புறம் ஆடி மாசத்துல ஒரு நாள் அவர் பொண்ணு கோதை வந்துச்சு. "அப்பா உங்களைக் கூப்பிடறார்ண்ணா" ன்னு நின்னுச்சு. ஆஸ்பத்திரியில கெடந்தார். கிழிஞ்ச நார் மாதிரி ஆயிட்டார். என்னைப் பாத்ததும் கையைத் தூக்கினார். புடிச்சுக்கிட்டேன். மூச்சு இழுக்குது. என்ன சொல்லப் போறார்னு குனிஞ்சா, "தராசு... நகர்த்துப்பா" ங்கறார்.

சாகப் போற மனுசன் சார். அப்பவும் என் தராசு மேலதான் சந்தேகம். எனக்கு அழுகை வந்துருச்சு. "எங்கம்மா மேல சத்தியமாச் சொல்றேன் சார், என் தராசுக்கு அடியில ஒண்ணும் இல்ல சார்" னு அவர் கையைத் தலையில வச்சுக்கிட்டு அழுதேன். அவர் என்னையே பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம் சிரிச்சார். பல்லு இல்லாத வாயில என்னமா ஒரு சிரிப்பு. "உன் தராசு நேர்தான்ப்பா. எனக்குத் தெரியாதா?" ன்னார். கண்ணை மூடிக்கிட்டார். போயிட்டார்னு பயந்துட்டேன். இல்ல. கொஞ்சம் பொறுத்து, "நாய்தான் பாவம்" ன்னார்.

அவ்வளவுதான் அவர் பேசினது. மறுநாள் விடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

என் தராசு நேர்னு சொல்லிட்டுப் போனார் சார். அதை மலர்ல போடுங்க. கட்டாயம் போடுங்க.

கருமாதி முடிஞ்சு கோதை வந்து அவர் துண்டை என்கிட்டக் குடுத்துச்சு. உங்ககிட்டக் குடுக்கச் சொன்னார் அப்பான்னுச்சு. துவைச்சு மடிச்சிருந்துச்சு. முடிச்சை மட்டும் அவுக்கல. எனக்கும் அவுக்க மனசு வரல. அதோ, தராசுக் கம்பியில தொங்குதே, அதுதான்.

நான் சும்மா இருப்பேனா? போஸ்டர் அடிச்சேன் சார். மேச்சேரி வரைக்கும் ஒட்டினேன். ஊத்துப்பள்ளத்து நடுகல்லின் மேல்பாதியை வைத்திருப்பவர் உடனே கொண்டுவந்து மியூசியத்தில் ஒப்படைக்கவும், எடைக்கு எடை பித்தளை தரப்படும், இப்படிக்கு பூங்காவனம், பழைய இரும்புக் கடை. நம்ம கேட்டுல கூட ஒட்டியிருக்கு, பாத்திருப்பீங்க. குடோன்ல இருக்கிற பித்தளை அம்புட்டையும் குடுக்கத் தயார். ஒருத்தன் வரல சார். ஒருத்தன் வரல. காவேரி போஸ்டரைப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "முதல்ல நம்ம கல்லைப் புரட்டிட்டு ஊரைக் கேளுங்க" ங்கறா. எப்படிப் பேசறா பாருங்க.

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க, டீ வருது.

அந்தத் துண்டை எதுக்கு எடுக்கறீங்க? பாத்து, பழசு, கிழிஞ்சிரும். என்ன, நீங்களும் அவர் மாதிரியே விரிச்சுப் பாக்கறீங்க? படிச்ச ஆளுங்க எல்லாருக்கும் ஒரே பழக்கம் போல. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம். முடிச்சு... ஆமா, முடிச்சு அந்த ஓரத்துலதான் வந்து நிக்குது. அதுக்கென்ன? துண்டுன்னா ஒரு நீளம் இருக்கத்தான் செய்யும், கல்லுன்னா ஒரு அகலம் இருக்கத்தான் செய்யும்.

அப்படிப் பாக்காதீங்க சார் என்னை.

நகர்த்த முடியாது. ராசிக் கல்லுன்னு சொன்னேன்ல? புரட்டி, அடியில ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னா என் ராசியும் போச்சு. இருந்துச்சுன்னா... இல்ல சார், இருக்காது. எப்படி இருக்கும்? இருபது வருசத்துக்கு மேல அந்த மனுசன் இது மேலயே உக்காந்து டீ குடிச்சிருக்காரே. இருந்துச்சுன்னா அதை ஒரு மனுசன் எப்படிச் சார் தாங்கறது? இருக்காது. துண்டை மடிச்சுக் குடுங்க. குடுங்கன்னா.

நீங்க மலர்ல இதை எழுதுங்க. நான் சொல்றேன், அப்படியே எழுதுங்க. பெரிய எழுத்துல போடுங்க.

டேய், யாருடா நீ? அந்தக் கல்லு உன் பொழப்பைத் தாங்கினது போதும். உனக்கு வீடு ஆச்சு, வாசல் ஆச்சு, இன்னும் என்னடா வேணும்? உன்னை எவனும் போலீஸ்ல புடிச்சுக் குடுக்க மாட்டான். உத்தரவோட எவனும் உன் வாசல்ல வந்து நிக்க மாட்டான். உன் கையாலதான் புரளணும்னு அந்த மனுசன் சாகிற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தார்டா. கேட்டுக்கு வெளிய, வெயில்ல நின்னு காத்துக்கிட்டிருந்தார். மேல இருக்கிறதை எடுத்து ஓரமா வை. கடப்பாரையை அடியில குடு. புரட்டு. அந்த நாய் இன்னும் தலையைத் தூக்கிச் செவுத்தைப் பாத்துக்கிட்டே நிக்குதுடா. கொண்டுபோய் வை.